இன்னும் தயாராகவில்லை

செப்டம்பர் 2, செவ்வாய்

பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களுக்கு இன்று மழையிலேயே கால்பந்துப் பயிற்சி. ஒருத்தியின் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. என் பழைய ஜோடியைக் கொடுத்தேன். நடுவில் கிளப் தலைவரிடமிருந்து ஃபோன். பெரிய அணியைப் பயிற்றுவித்து நடத்தும் மேனேஜர் வேறு கிளப்புக்குப் போய்விட்டாராம். புது ஆள் கிடைக்கும்வரை அதையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். “தற்காலிகமாத்தான்மா” என்று அழுத்திச் சொன்னார்.

அந்த அணியில் பாதிப் பேர் என் அகாடமியில் வளர்ந்த பெண்கள். தற்காலிகமாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “உட்கார்ந்தவங்கள எழுப்புறது கஷ்டம். நல்லா அழுத்தி உட்காரு” என்றார்.

செப்டம்பர் 13, சனி

ஜெயித்தோம். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

செப்டம்பர் 27, சனி

மறுபடி வெற்றி. கேப்டன் ஓடிவந்து என்னை அப்படியே தூக்கிவிட்டாள். சின்ன வயதில் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்ட பிள்ளை இவள். மேனேஜர் அறையில் என் கோட்டை மாட்ட ஒரு ஆணி அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆசை வந்துவிட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு இந்த வேலை வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

நெட்டை வருகிறாளாம். மேனேஜராக.

“நீங்க இல்லேன்னா அகாடமி படுத்துடும்மா” என்றார் தலைவர். புகழ்ந்துகொண்டே கழுத்தை அறுப்பது என்றால் இதுதான்.

நெட்டையும் நானும் ஒன்றாக ஆடியவர்கள். ஒரே அறை, ஒரே சீப்பு. வெளிநாட்டு கிளப்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும்தான் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின ஆட்டத்தில் என் முழங்கால் போனது. காலில் கட்டோடு கேலரியில் உட்கார்ந்து அவள் ஆடுவதைப் பார்த்தேன். அவள் விமானம் ஏறினாள். கோப்பை, பேட்டி, பத்திரிகையில் படம். நான் இங்கே குழந்தைகளுக்கு லேஸ் கட்டிவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

வந்துவிட்டாள். மொத்த அணிக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்து, “பந்தை நிறுத்தவே இவகிட்டதான் நான் கத்துக்கிட்டேன்” என்றாள். பெண்கள் கைதட்டினார்கள். அவள் கொஞ்சம் திமிராக நடந்துகொண்டிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

இன்னும் அதே நடை. முழங்கால் இரண்டும் முழுசாக இருக்கிறவளின் நடை.

மாலையில் கேப்டன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். ஆணியில் இப்போது நெட்டையின் கோட்.

அக்டோபர் 15, புதன்

வயிறு எரிகிறது. வேறு சொல் இல்லை.

அக்டோபர் 22, புதன்

பெரிய அணியில் கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கருக்குத் தொடையில் தசை கிழிந்துவிட்டது. நெட்டை அகாடமிக்கு வந்தாள். என் பெண்களில் யாரைக் கொடுப்பாய் என்று கேட்டாள்.

கொடுக்க வேண்டியது வாலுவைத்தான். பதினேழு வயது; இரண்டு காலிலும் அடிப்பாள்; கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்வாள் என்று இவளுக்கு முன்கூட்டியே தெரியும். இப்படி ஒருத்தி என் கைக்கு இதுவரை வந்ததில்லை.

“வாலு எப்படிடி?”

“இன்னும் தயாராகல. அவசரப்பட்டா உடைஞ்சுடுவா.”

“நீ சொன்னா சரி” என்று போய்விட்டாள். மறுபேச்சுகூட இல்லை.

பொய்யா அது? ஒரு பயிற்சியாளரின் கருத்து. எனக்குக் கருத்து இருக்கக்கூடாதா?

நவம்பர் 1, சனி

தோற்றார்கள். கேலரியில் இருந்தேன். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பாடுபட வேண்டியிருந்தது.

நவம்பர் 8, சனி

மறுபடி தோல்வி. கோலுக்கு முன்னால் ஆளே இல்லை. வந்து டீ போட்டுக் குடித்தேன். நல்ல டீ. ச்சீ — என்ன மனுஷி நான்?

நவம்பர் 12, புதன்

வாலுவின் அம்மா வந்தாள். பஸ் கண்டக்டர், சீருடையோடு நேரே வந்திருந்தாள். பெரிய அணியில் ஆள் இல்லை என்று ஊரே பேசுகிறதே, தன் மகளை ஏன் கூப்பிடவில்லை, ஏதாவது தப்புச் செய்தாளா என்று கேட்டாள். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். தனக்குத் திறமை போதாது என்று நினைக்கிறாளாம்.

பொறுமையாக இருக்கச் சொன்னேன். அவள் எழுந்து கைகூப்பினாள். “நீங்க பாத்துக்குவீங்க மேடம்.”

அந்தக் கைகளை நான் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தேன்.

நவம்பர் 19, புதன்

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில், “உங்க ரெண்டு பேர் சண்டை அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?” என்றார்.

சண்டையே இல்லையே. அவளுக்கு என்னோடு எந்தச் சண்டையும் இல்லையே.

நவம்பர் 24, திங்கள்

நெட்டையிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். வாலு தயார், நாளைக்கே எடுத்துக்கொள் — இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கேப்டன் சொல்லிக்கொண்டிருந்தாள்: “இத்தனை வருஷத்துல யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரல.”

திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 29, சனி

வரிசையாக ஐந்தாவது தோல்வி. கேலரியில் நெட்டையைப் பெயர் சொல்லித் திட்டினார்கள்.

டிசம்பர் 1, திங்கள்

நெட்டையை அனுப்பிவிட்டார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு மறுபடி அணியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அவள் அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். பெட்டிக்கு டேப் ஒட்ட நான் பிடித்துக்கொண்டேன். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுடி. அந்தப் பொண்ணு நிஜமாவே தயாரா இல்லையா?”

இது கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

“இல்ல” என்றேன்.

தலையாட்டினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிசம்பர் 6, சனி

இன்று வாலுவை இறக்கினேன். காயம்பட்டவள் இன்னும் தேறவில்லை. வேறு என்ன செய்வது?

மூன்று கோல். கேலரியே எழுந்து நின்றது. சீசன் முடியும்வரை நான்தான் மேனேஜர் என்று தலைவர் மைதானத்திலேயே கையைப் பிடித்துச் சொன்னார். வாலுவின் அம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். “பொறுத்திருக்கச் சொன்னீங்களே, அதுக்குப் பலன்” என்றாள்.

அறைக்கு வந்து ஃபோனை எடுத்தேன். நெட்டையிடமிருந்து ஒரு செய்தி.

‘டிவில பாத்தேன். அஞ்சே நாள்ல நல்லாத் தயார் பண்ணிட்டே.’

என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். அதற்குள் கேப்டன் வந்து கதவைத் தட்டினாள். குரூப் போட்டோவுக்கு எல்லோரும் காத்திருக்கிறார்களாம். போனேன். நடுவில் நிற்க வைத்தார்கள்.