கொரியன் தெரியாத டீச்சர்

தேஜோன், கொரியா
மார்ச் 9, 2019

அம்மா,

போன்ல பேசினா ரெண்டு நிமிஷத்துல கத்த ஆரம்பிச்சிடுறோம், அதனால லெட்டர் எழுதுன்னு நீதான சொன்ன. எழுதுறேன். எழுத்துப் பிழைய எண்ணிக்கிட்டு உட்காராத.

நல்லா இருக்கேன். சாப்பிடுறேன். குளிர் இன்னும் போகல. போதுமா?

வேலை மூணாவது மாடியில, இங்கிலீஷ் டியூஷன் சென்டர்ல. கீழ காரமா அரிசிக் கொழுக்கட்டை விக்கிற தொக்பொக்கி கடை, நடுவுல கணக்கு டியூஷன், எங்க தலைக்கு மேல டேக்வாண்டோ. நான் "ஆப்பிள்"னு சொன்னா மேல ஒரு கூட்டமே தொம்முனு குதிக்குது. பசங்க ஸ்கூல் விட்டதும் மஞ்சள் வேன்ல வந்து இறங்கி, மாடி மாடியா ஏறி இறங்கிட்டு, இருட்டினப்புறம்தான் வீட்டுக்குப் போகுதுங்க. என்னால ஒரு மணி நேரம் ஒரே நாற்காலில உட்கார முடியாதுன்னு உனக்கே தெரியும். இதுங்க உட்காருதுங்கம்மா. பாத்தா எனக்கே கால் துடிக்குது.

டைரக்டர் பேரு மின் மேடம். முதல் நாளே கண்டிஷன் போட்டுட்டாங்க. "உனக்குக் கொரியன் ஒரு வார்த்தை கூடத் தெரியாது. புரியுதா?" கொரியன்லயே கேட்டாங்க. "புரியுது"ன்னு கொரியன்லயே சொன்னேன். முறைச்சாங்க பாரு! "அம்மாக்களுக்கு அமெரிக்கா டீச்சர் வேணும். உன் மூஞ்சி ஏற்கனவே நம்ம மூஞ்சி. வாயாவது அமெரிக்காவா இருக்கட்டும்"னாங்க.

வாசல்ல என் போட்டோவுக்குக் கீழ "டானா டீச்சர்"னு போட்டிருக்கு. நீ வச்ச தாஸோல்ங்கிற பேரு பெட்டியை விட்டு இன்னும் வெளிய வரல.

எத்தனை நாள் தாங்குவேன்னு தெரியல. இப்பவே சொல்லி வச்சுட்டேன், அப்புறம் சொல்லலைன்னு சொல்லாத.

தாஸோல்


டகோமா, அமெரிக்கா
மார்ச் 24

தாஸோலுக்கு,

லெட்டர் வந்துச்சு. பிழை நிறைய. எண்ணல.

வந்த உடனே போறதைப் பத்திப் பேசுற. காலேஜை ரெண்டு வருஷத்துல விட்ட. காபிக்கடையை மூணு மாசத்துல விட்ட. அந்த சுருட்டைமுடிப் பையனை எப்ப விட்டேன்னு எனக்குச் சொல்லக்கூட இல்ல, அவனே கடைக்குப் பேன்ட் சுருக்க வந்து சொன்னான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கடையில வேலை ஜாஸ்தி. கல்யாண சீசன் வருது, எல்லாருக்கும் கோட்டு இடுப்புல பிடிக்குது. வெளுக்க வந்த துணியை விட என் தையல் மிஷினுக்கு வந்த துணிதான் மலையா இருக்கு.

தெரிஞ்ச பாஷையைத் தெரியாத மாதிரி காட்டுறது லேசுன்னு நினைக்காத. சிரிப்பு வர்ற இடத்துல சிரிக்கக் கூடாது. திட்டுறப்ப திரும்பக் கூடாது. கழுத்து வலிக்கும்.

கோழி சூப் வச்சுக் குடி. ஒரு வருஷம் ஒத்துக்கிட்டா ஒரு வருஷம் இரு.

அம்மா


தேஜோன்
ஏப்ரல் 13

அம்மா,

கழுத்து நிஜமாவே வலிக்குது. உனக்கு எப்படித் தெரியும்?

இங்க எங்கூட இருந்த கேலம்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரன் போன வாரம் ஓடிட்டான். சம்பளம் வந்த மறுநாள் பெட்டியோட ஏர்போர்ட். இங்க இது சகஜமாம், மின் மேடம் அழக்கூட இல்ல, அவன் போட்டோவைக் கழட்டிட்டு ஆணியைத் துடைச்சாங்க. அவன் கிளாஸ் பசங்கதான் ரெண்டு நாள் கதவையே பாத்துட்டு இருந்துச்சுங்க. உண்மையைச் சொல்றேன், அன்னைக்கு எனக்கும் டிக்கெட் பாக்கத் தோணுச்சு. பாக்கவும் பாத்தேன். வியட்நாம்ல டீச்சர் வேலைக்கு யாரையும் எடுத்துக்குவாங்களாம்.

போகாததுக்குக் காரணம் ஒரு பொண்ணு. ராஹீ. ஒன்பது வயசு. இங்க அவ பேரு கிரேஸ். வேன் சீக்கிரம் இறக்கி விட்டுடுது, அதனால கிளாஸுக்கு முன்னாடியே வந்து என் மேஜை பக்கத்துல உட்கார்ந்து கடையில வாங்கின முக்கோணச் சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சுத் தின்பா. தின்னுக்கிட்டே பேசுவா. நம்ம பாஷையில. எனக்குத்தான் புரியாதே!

"டீச்சர், நீ ஒரு மக்கு, தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சா. நான் "யெஸ், கிரேஸ்!"னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. மின் மேடம் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவா. அவ அம்மா குடுக்கிற கஷாயத்தைத் தொட்டிச் செடிக்கு ஊத்துறாளாம், செடி செத்துப் போச்சாம்.

நேத்து சொன்னா: "என்னை நியூசிலாந்துக்குப் படிக்க, ஆக்லாந்துல பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. தனியா. அங்க பாத்ரூம் போகக்கூடக் கேட்டுட்டுத்தான் போகணும். நான் திரும்பி வர்றப்ப எங்க நாய் இருக்காது, அதுக்கு இப்பவே பல்லு இல்ல. அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டா, சந்தோஷமா சொல்றா, அதனால நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன். நீதான் மக்கு."

சொல்லிட்டு, கையைத் துடைச்சுட்டு, "ஹவ் ஆர் யூ டீச்சர், ஐ ஆம் ஃபைன்"ங்கிறாம்மா.

நான் யார்கிட்ட சொல்றது? சொன்னா வேலை போகும். அதை விடு, வேலைக்கென்ன. அவ?

தாஸோல்


டகோமா
ஏப்ரல் 27

தாஸோலுக்கு,

அடுத்த வீட்டுப் பிள்ளை விஷயத்துல தலையிடாத. இது முதல்ல எழுதின வரி. அடிச்சுட்டு வேற எழுதலாம்னு பாத்தேன், விட்டுட்டேன்.

நீ சொன்னா அந்தப் பொண்ணு உங்கிட்ட இனிமே பேசாது. இதை நல்லா யோசிச்சுக்கோ. நமக்குப் புரியாதுன்னு நினைச்சுத்தான் சில பேர் நம்ம பக்கத்துல உட்கார்றாங்க. புரியும்னு தெரிஞ்சா எழுந்து போயிடுவாங்க. கேட்டும் கேட்காத மாதிரி இருந்தா பக்கத்துலயாவது இருப்பாங்க.

அப்படி இருந்து என்ன கிடைச்சதுன்னு கேக்காத.

டிக்கெட் பாக்குறதை நிறுத்து. இங்க மழை விடல. நீ விட்டுட்டுப் போன ஷூவைக் காய வச்சு உள்ள எடுத்து வச்சேன்.

அம்மா


தேஜோன்
மே 19

அம்மா,

சொல்லிட்டேன்.

நேத்து ஓப்பன் கிளாஸ். அம்மாக்கள் எல்லாம் பின்னாடி வந்து உட்கார்ந்து பாக்கிற நாள். ரெண்டு வாரமா அதுக்கு ஒத்திகை. எந்தக் கேள்வி யாருக்குன்னு முன்னாடியே முடிவு. எல்லாரும் கை தூக்கணும், பதில் தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. அம்மாக்களுக்குக் காடு மாதிரி கையாத் தெரியும், நான் வலது கையாப் பாத்து எழுப்புவேன். ராஹீ ரெண்டு வாரமும் இடது கையைத்தான் தூக்கினா. நேத்து அம்மாவைப் பாத்ததும் வலது. நியூசிலாந்தைப் பத்தி நாலு வரி, ஒரு தப்பு இல்ல. அம்மாக்கள் கை தட்டினாங்க.

அப்புறம் ஒவ்வொரு அம்மாவா தனியாப் பேசணும். மின் மேடம் நடுவுல உட்கார்ந்து மொழிபெயர்ப்பாங்க. ராஹீ அம்மா வந்தாங்க. நல்ல கோட்டு, கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. நான் என்னமோ ராட்சசி வருவான்னு நினைச்சிருந்தேன். மெதுவாத்தான் கேட்டாங்க:

"இவ நிஜமாவே போக ஆசைப்படுறாளா? வீட்ல எதைக் கேட்டாலும் 'ம்'ங்கிறா. இந்த டீச்சரைத்தான் ரொம்பப் பிடிக்கும்னு சொல்றா. இவங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காளா? கேட்டுச் சொல்லுங்க."

மின் மேடம் என் பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல, "ஆக்லாந்து ஸ்கூலுக்கு இவ இங்கிலீஷ் பத்துமான்னு கேக்குறாங்க. சிரிச்சுக்கிட்டே யெஸ் சொல்லு"ன்னாங்க.

வாசல் பக்கத்துச் சுவர்ல வெளிநாடு போன பசங்க போட்டோவா மாட்டி வச்சிருக்காங்க. ஒரு சட்டம் மட்டும் காலி. அது யாருக்குன்னு எனக்குத் தெரியும்.

சிரிக்கத்தாம்மா வாயைத் திறந்தேன். நம்ம பாஷை வந்துடுச்சு. "அவளுக்குப் போக இஷ்டம் இல்லைங்க. தனியாப் போக பயப்படுறா. நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு சொல்லாம இருக்கா."

மின் மேடம் முகம் வெளுத்துப் போச்சு. ராஹீ அம்மா என்னையே பாத்தாங்க. "உனக்குக் கொரியன் தெரியுமா?"ன்னாங்க. அதைத்தான் முதல்ல கேட்டாங்க.

"எனக்கும் தெரியும், எங்கம்மாவுக்கும் தெரியும், நாங்க ச்சொஞ்ஜு ஊர்க்காரங்க"ன்னு என்னத்தையோ உளறினேன்.

அப்பத்தான் பாத்தேன். ராஹீ கதவுகிட்ட பையை மாட்டிக்கிட்டு நிக்கிறா. அழல. அம்மாவைப் பாக்கல. என்னைத்தான் பாத்தா. "அப்ப எல்லாமே கேட்டியா?"ன்னா. "செடியும்? நாயும்? எல்லாமே?"

நீ சொன்னது சரிம்மா. எழுந்து போயிட்டா.

வேலையும் போச்சு. ஜூன் கடைசி வரைக்கும்தான். அதுக்குள்ள வேற ஆள் கிடைக்காதாம், இல்லேன்னா நேத்தே விரட்டியிருப்பாங்க. மத்த அம்மாக்கள்ல பாதிப் பேர் ஏமாத்திட்டோம்னு சண்டை. பெட்டியைக் கட்டி வச்சுட்டேன். நாளைக்கே போனா யார் பிடிக்கப் போறாங்க?

தாஸோல்


டகோமா
ஜூன் 1

தாஸோல்,

பெட்டியைப் பிரி. மீதி கிளாஸை முடிச்சுட்டு வா.

நீ எழுதினதைக் கடையில வச்சுப் படிச்சேன். ஒரு ஆள் கோட்டு கேட்டு நின்னுட்டே இருந்தான், கவனிக்கல.

ஒரு விஷயம். நீ ஏழாம் வகுப்புல இருந்தப்ப உன் ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. டீச்சர் இங்கிலீஷ்ல பேசப் பேச நீ எனக்கு நம்ம பாஷையில சொன்ன. அந்தம்மா "உங்க பொண்ணு கிளாஸ்ல ஜன்னலையே பாத்துட்டு இருக்கா, யார்கூடயும் சேர மாட்டேங்கிறா"ன்னாங்க. நீ "தாஸோல் ரொம்ப சமத்துன்னு சொல்றாங்க"ன்ன. நான் தலையாட்டினேன்.

எனக்குப் புரிஞ்சுது.

நீ காலேஜை விட்ட உடனே அங்கிருந்து போன் வந்துச்சு. "நோ இங்கிலீஷ்"னேன். அந்தப் பொண்ணு பாவம், மெதுவா, திரும்பத் திரும்பச் சொன்னா. எல்லாம் கேட்டுட்டு வச்சுட்டேன். நீ தினமும் காலையில பையை மாட்டிட்டுக் கிளம்புவ. நான் மதியச் சாப்பாடு கட்டிக் குடுப்பேன். நீயாச் சொல்ற வரைக்கும் கட்டிக் குடுத்தேன்.

எனக்குப் புரியாதுன்னு நினைச்சு நீ பிரெண்ட்ஸ்கூட என் முன்னாடியே இங்கிலீஷ்ல பேசுவ. என்னைப் பத்தியும் பேசியிருக்க. புரியும்னு தெரிஞ்சா நீ வேற ரூமுக்குப் போயிடுவ. அதான் சொல்லல.

நீ அந்தப் பொண்ணுக்காக வாயைத் திறந்த. நான் உனக்காகத் திறக்கல.

இதுக்குப் பதில் எழுதணும்னு இல்ல.

அம்மா


தேஜோன்
ஜூன் 16

அம்மா,

உன் லெட்டர் வந்து நாலஞ்சு நாள் ஆச்சு. முதல்ல கோவம் வந்துச்சு. கிழிக்கலாம்னு பாத்தேன். அப்புறம் அந்த மதியச் சாப்பாடு ஞாபகம் வந்துச்சு. பஸ் ஸ்டாண்ட்ல உட்கார்ந்து தின்பேன். முட்டை ரோல் கொஞ்சம் கூடவே இருக்கும். இவ்வளவு எதுக்குக் கட்டுறான்னு நினைப்பேன்.

பெட்டியைப் பிரிச்சுட்டேன். கிளாஸ் எடுத்துட்டு இருக்கேன். மின் மேடம் இன்னும் முறைக்கிறாங்க, ஆனா பசங்க இப்ப என் முன்னாடி ஒரு வார்த்தை நம்ம பாஷையில பேசுறதில்ல. மேடம் கேட்ட மாதிரியே கிளாஸ் முழுக்க இங்கிலீஷ். காறித் துப்பணும் போல இருக்கு.

ராஹீ அதுக்கப்புறம் வரவே இல்ல. வியாழக்கிழமை வந்தா. உள்ள போடுற செருப்பை எடுத்துட்டுப் போக. அவ அம்மா கீழ கார்ல. நான் கதவுகிட்ட போனேன். மன்னிச்சுக்கோன்னு நம்ம பாஷையில சொன்னேன். காதுல விழாத மாதிரி செருப்பைப் பைக்குள்ள திணிச்சா. ஜிப் மாட்டிக்கிச்சு. நான் குனிஞ்சேன், கையைத் தட்டி விட்டா.

அப்புறம் நிமிர்ந்து நின்னு, இங்கிலீஷ்ல, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சா: "டீச்சர். நான் ஆக்லாந்து போகல. அம்மா டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டா. ஆனா இனிமே உங்கூட நான் பேச மாட்டேன்."

ஒத்திகையே இல்லாம அவ இங்கிலீஷ்ல சொன்ன முதல் பேச்சு அது. நான் "ஓகே, ராஹீ"ன்னேன். கிரேஸ்னு கூப்பிடல. படியில பாதி இறங்கிட்டு நின்னா, திரும்பல, அப்புறம் இறங்கிப் போயிட்டா.

ஜன்னல்ல நின்னு பாத்தேன். அவ அம்மா கார் கதவைத் திறந்து விட்டாங்க. பின் சீட்ல அந்தப் பல்லில்லாத நாய்.

ஜூன் கடைசி கிளாஸ் முடிச்சுட்டு வர்றேன். வந்து என்ன பண்ணுவேன்னு கேக்காத, தெரியல.

இனிமே காலேஜ்ல இருந்து யாராவது கூப்பிட்டா நோ இங்கிலீஷ் சொல்லாத. உன்னைப் பத்தி என் பிரெண்ட்ஸ்கிட்ட நான் பேசின மாதிரி நீயும் என்னைப் பத்தி யார்கிட்டயாவது நல்லாத் திட்டு. நான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன், வேற ரூமுக்குப் போகல.

ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். கத்துறதா இருந்தா கத்து. எந்த பாஷையில கத்தினாலும் ரெண்டு பேருக்கும் புரியும்.

தாஸோல்