கண்டக்குழிக் கம்பத்து மிதவை

அனுப்புநர்:
திருமதி அ. பவுலினா,
செயலாளர், மாதர் சங்கம்,
கண்டக்குழி.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
கரையோர இளைஞர் நலன் பணிமனை,
புத்தளம்.

விடயம்: சாரணர் பா. ஸப்ரானைக் கௌரவிப்பதற்கென எடுத்துச் செல்லப்பட்ட உயிர்காப்பு மிதவைகளை, விழாவுக்குக் காத்திராமல் திருப்பித் தருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கரைவலை இழுக்கும் அருளப்புவின் மனைவி. ஸப்ரானுக்கு விழா வேண்டாம் என்று சொல்ல இம்மனுவை எழுதவில்லை. அந்தப் பிள்ளைக்கு எடுக்காத விழாவை வேறு யாருக்கு எடுப்பது? ஆனால் விழாவின் பெயரால் நடந்திருக்கும் காரியத்தை நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

2. ஸப்ரான், 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து மாம்புரியில் குடியிருக்கும் பாறூக், றுக்கியா தம்பதியரின் மகன். வயது பதினேழு. ஜனாதிபதி சாரணர் விருதுக்காக ஒரு சமூக சேவை செய்யவேண்டியிருந்தபோது, பஸ் தரிப்பிடத்துக்குப் பெயின்ட் அடித்துப் படம் பிடித்துக்கொண்டு போகாமல், எங்கள் கரைக்கு வந்தார். கரைவலையில் மீன் சேரும் பையான மடி கரையை நெருங்கும்போது சிந்துகிற மீனைப் பொறுக்க எங்கள் பிள்ளைகள் தண்ணீருக்குள் பாய்வார்கள். ஏசினாலும் கேளார்கள். அவர் இதைப் பார்த்துவிட்டு லொறி டியூப் இரண்டைப் பழைய வலையால் சுற்றி, சிவப்பு அடித்து, நீளக் கயிறு கட்டி, கரையில் ஒரு கம்பம் நட்டுத் தொங்கவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கயிறு வீசப் பழக்கினார். விருது கிடைத்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை.

3. எங்கள் ஆட்கள் கயிற்றுத் துண்டு கண்டால் சும்மா விடமாட்டார்கள். அதனால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் வலைகாரரும் கூடிப் பேசி ஒரு கட்டு வைத்தார்கள். ஆள் தண்ணீரில் தாழ்கிற ஆபத்துக்கன்றி எவர் அந்த டியூபில் கை வைத்தாலும் அன்றைய மீனில் அவருக்குப் பங்கு இல்லை. ஒருவரும் தொடவில்லை. சென்ற மாசியில் என் மகன் றொமேஷை அலை இழுத்தபோது அதைத்தான் வீசினார்கள். அவன் இதோ எனக்குப் பக்கத்திலிருந்து பாணும் சம்பலும் தின்றுகொண்டிருக்கிறான். ஸப்ரானின் சேவைக்கு இதைவிட என்ன அத்தாட்சி தருவது ஐயா?

4. ஆவணியில் தங்கள் பணிமனையிலிருந்து வான் வந்தது. பிள்ளையைக் கௌரவிக்கும் விழாவில் மிதவைகளைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்றார்கள். கச்சான் காற்று அடிக்கிற, கரைவலை போடாத காலம்தானே என்று நாங்களும் மகிழ்ந்து கொடுத்தோம். வெறுமனே கொடுக்கவில்லை. பூமாலை போட்டு, பட்டாசு கொளுத்தி அனுப்பினோம். ஊரே கை தட்டிக் கம்பத்தை வெறுமையாக்கியது.

5. அதன்பின் பிரதம அதிதிக்கு நேரமில்லை என்று விழா ஒருமுறை தள்ளிப்போனது. மண்டபத்துக்குக் கூரை வேலை என்று மறுமுறையும் தள்ளிப்போனது. காற்று ஓய்ந்து வலைகளும் கடலில் இறங்கிவிட்டன. நான் தொலைபேசியில் கேட்ட போதெல்லாம் அடுத்த கிழமை என்றார்கள். அதை நம்பி நாங்கள் வேறொன்று செய்யவுமில்லை. நேரில் வந்தபோது, மிதவைகளுக்கு இலக்கம் ஒட்டிக் கண்ணாடி அலுமாரியில் வைத்தாயிற்று, பணிப்பாளரின் கையொப்பம் இல்லாமல் வெளியே தர முடியாது என்று எழுதுவினைஞர் மரியாதையாகவே சொன்னார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். நாங்கள் போட்ட மாலைகூட அப்படியே காய்ந்துபோய்க் கிடந்தது.

6. சென்ற செவ்வாய்க்கிழமை மடி கரைக்கு வரும் வேளையில் மனுவேலின் மகள் சுஜாந்தியை அலை இழுத்தது. கரையில் நின்றவர்கள் பழக்கத்தில் கம்பத்தடிக்குத்தான் ஓடினார்கள். நானும் ஓடினேன். அங்கே கொளுக்கி மட்டும் இருந்தது. அன்று கம்பத்துக்குத் தார் பூச வந்திருந்த ஸப்ரான் வெறுங்கையோடு பாய்ந்து, ஒரு கையால் பிள்ளையையும் மறுகையால் வலைக் கயிற்றையும் பிடித்துக்கொண்டார். பிள்ளை பிழைத்தாள், கடவுளுக்குத் தோத்திரம். ஆனால் அலை இழுத்த இழுவையில் ஸப்ரானின் வலது தோள் மூட்டு விலகிவிட்டது. நான் பார்க்கப் போனபோது, கை கட்டுப் போட்டிருக்க, தாய் றுக்கியா சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை. ஸப்ரான் கேட்டது ஒன்றுதான்: “விழா எப்பவும் வைக்கலாம் மாமி. டியூப மொதல்ல கம்பத்துல போடச் சொல்லுங்க.”

7. மறுநாள் தங்கள் பணிமனைக் கடிதம் அந்த வீட்டுக்கு வந்தது. விழா அடுத்த மாதம் நடக்கும் என்றும், ஸப்ரான் முழுச் சீருடையில் வந்து பிரதம அதிதிக்குச் சாரண வணக்கம் செலுத்த வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. வலது கையால் செலுத்த வேண்டிய வணக்கத்தை அவர் எப்படிச் செலுத்துவார் ஐயா?

8. என் கணவர் பழைய டியூப் ஒன்றைக் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அதில் காற்று நிற்கவில்லை. விடிந்தால் நான் கரையில்தான் நிற்கிறேன். பிள்ளைகளின் தலைகளை எண்ணுகிறேன், ஒன்று குறைந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுகிறேன். அடுப்பில் வைத்தது கருகுகிறது. பெற்றவர்கள் எல்லாரும் இப்படித்தான் நிற்கிறோம்.

9. ஆகையால் மிதவைகளை விடுவிக்கும் கையொப்பத்தை இக்கடிதம் கண்டவுடன் இடுமாறு மன்றாடுகிறேன். வான் அனுப்ப வசதியில்லையெனில் நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம். கௌரவிக்க விரும்பினால் தாங்களே கரைக்கு வந்து, தங்கள் கையாலேயே கம்பத்தில் மாட்டுங்கள். மண்டபமும் மேடையும் எங்களுக்குத் தேவையில்லை. சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்களாம். ஸப்ரானின் அந்தக் கை சுகமாக இருக்கிறது. டியூபை மாட்டிவிட்டு அதைப் பிடித்துக் குலுக்குங்கள் ஐயா.

தங்களைக் கம்பத்தடியில் எதிர்பார்க்கும்,
அ. பவுலினா

இடம்: கண்டக்குழி
திகதி: 24.10.2016