காய்ந்த குறிஞ்சி வழக்கு குறித்து இளவரசி தேமொழியார்க்கு விடுத்த ஓலை

முகில் இறங்கித் தங்கும் நெடுவரை நாடு நீடு வாழ்க. அதன் ஏழு கணவாயிலும் பகை நுழையாதிருக்க. அந்நாட்டின் கோமகளும், வரும் வளர்பிறை ஐந்தாம் நாள் எட்டு வயது நிறைந்து முதல் தீர்ப்பு வழங்க இருப்பவருமான இளவரசி தேமொழியார் திருமுன், மலைக்காவல் அமைச்சன் பூதன் கீரன் பணிந்து அறிவிப்பது:

எட்டு வயது நிறையும் அரச மகவு தன் முதல் வழக்கைத் தானே கேட்டுத் தானே தீர்ப்பது நம் நாட்டு முறை. இன்னது தீர்ப்பு என்று பெற்ற தாயும் சொல்லலாகாது, அமைச்சனும் சொல்லலாகாது. ஆதலால் பூதன் தீர்ப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. செடியைப் பற்றி மட்டும் சொல்கிறான்.

சென்ற ஆவணியில் மேற்குச் சரிவு முழுவதும் குறிஞ்சி பூத்தது. பல்லக்கின் திரை விலக்கிப் பார்த்த பேரரசியார், தம் மகளின் பிறந்தநாளுக்கு அரண்மனைத் தோட்டமும் அப்படியே நீலமாக வேண்டுமென விரும்பினார். மலைக்குடிப் பெண் வெண்ணி முந்நூறு செடிகளை வேர்மண்ணோடு பெயர்த்து, ஒன்பது நாள் கூடையில் சுமந்து இறக்கினாள். பெயர்க்கும் முன்பே அவள் தோட்ட அதிகாரி ஏனாதி மாறனாரிடம், "பூத்துட்டா அதோட ஆயுசு முடிஞ்சுது சாமி. காஞ்சு போற செடியச் சுமந்து என்ன பண்ண? பொறுங்க, விதை தாரேன்," என்றாள். அதிகாரியோ, "கூடை தூக்க வலிக்குதா? கதை அளக்காம நட," என்றார்.

தை பிறப்பதற்குள் முந்நூறும் விறகாயின. வெண்ணி வேரில் வெந்நீர் ஊற்றிக் கொன்றாள் என்பது இப்போது அவள்மேல் வழக்கு; நீங்கள் கேட்க இருக்கும் முதல் வழக்கும் இதுவே, அவள் சிறையில் இருக்கிறாள். அவள் ஆவி பறக்கும் பானையோடு தோட்டத்தில் நின்றதைப் பார்த்த சான்றும் உண்டாம். அது அவள் கஞ்சிப் பானை. குற்றம் உறுதியானால் சாகும் வரை அவள் மலையேறக் கூடாது. அவள் குடிசை மலைமேல்தான் இருக்கிறது; இரண்டு பெண்மக்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இளவரசியாரே, குறிஞ்சி உங்கள் இடுப்புயரம் வளரும் புதர். பூ சிறு மணி போலத் தொங்கும். மல்லிகையைப் போல ஆண்டுதோறும் பூக்காது. பதினோரு ஆண்டு இலையும் தண்டுமாக நின்று, பன்னிரண்டாம் ஆண்டில் சரிவிலுள்ள எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்கும். பிறகு விதை முற்றும், செடி காயும், சாகும். அதற்கு நோயுமில்லை, யாரும் கெடுத்ததுமில்லை. அதன் வாழ்வே அவ்வளவுதான்.

பூதன் இதை ஏட்டில் படிக்கவில்லை. அவன் உங்கள் வயதில் இருந்தபோது தாயோடு கோட்டை மதிலுக்குக் கல் சுமந்தான். அந்த ஆண்டும் குறிஞ்சி பூத்தது. முதுகில் கல் இருப்பவனுக்குப் பூவாவது ஒன்றாவது! ஆனால் ஒருநாள் பாதி ஏற்றத்தில் தாய் கல்லை இறக்கி வைத்து, "உக்காருடா. கங்காணி வந்தா வரட்டும்," என்றாள். இருவரும் அந்த நீலத்துக்குள் உட்கார்ந்தார்கள். எங்கும் தேனீ இரைச்சல். தாய் வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை. கங்காணி வந்தான், அடியும் விழுந்தது. ஆயினும் அமைச்சன் இருக்கையில் அமர்ந்த எந்த நாளும் அப்படி உட்கார்ந்த நாளுக்கு ஈடாகவில்லை. சில மாதம் கழித்து, அதே சரிவில் காய்ந்த தண்டுகளை இருவரும் கட்டுக்கட்டாய் வெட்டி அடுப்புக்குச் சுமந்தார்கள். பூத்ததைப் பார்க்கப் பல்லக்குகள் வந்தன. காய்ந்ததைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

நேற்று பூதன் மேற்குச் சரிவுக்கு ஏறிப் பார்த்தான். மண்வெட்டி படாத, வெண்ணியின் நிழல்கூடப் படாத செடிகளும் அடியிலிருந்து நுனிவரை காய்ந்து நிற்கின்றன. வெந்நீர் ஊற்றித்தான் கொன்றாள் என்றால், அந்த மலை முழுமைக்கும் எத்தனை ஆயிரம் குடம் சுமந்திருப்பாள் என்று ஏனாதியாரைக் கேட்டருள்க. சுமை தூக்கியவனுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கும்.

ஆகவே மலைக்காவல் உரிமையால் பூதன் இடும் ஆணை: வழக்குக்கு முந்தின நாள் விடியலில் இளவரசியார் மேற்குச் சரிவுக்கு வருக. பல்லக்கு வேண்டா, நடந்து வருக. கால் வலித்தால் உட்கார்ந்து எழுக. வெண்ணியின் விலங்கைச் சிறைக்காவலர் கழற்றி, வழிகாட்ட முன்னே விடுக. ஏனாதியாரும் உடன் ஏறுக. மேலே போனதும் காய்ந்த புதர்களின் அடியில் குனிந்து பாருங்கள். வைகாசி மழையில் இரண்டிரண்டு இலையோடு குறிஞ்சி முளைத்திருக்கிறது. மிதித்துவிடாமல் நடப்பது எப்படி என்று வெண்ணி காட்டுவாள்.

இவ்வோலைக்கு அரக்கிட்டு, மலையும் மழைத்துளியும் பொறித்த இலச்சினை இடப்பட்டது. பூதன் கீரன் எழுத்து.