கையை எண்ணச் சொன்னவளுக்கு

என் செல்ல மைனி கோமதிக்கு,

நாகலாபுரம் கேம்ப்பை மூடவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகக் கேள்.

இதைப் படிக்கிறவர்கள் நம்மைச் சொந்தக்காரர்கள் என்று நினைப்பார்கள். என் அண்ணனைக் கட்டாமலேயே எனக்கு மைனி ஆனவள் நீ; உனக்கும் நான் மைனிதான். கல்லூரி விடுதியில் ஒரே அறை, ஒரே வாளி. பிறகு இருவரும் மனநல மருத்துவம் படித்தோம், இருவருக்கும் கோவில்பட்டியிலேயே வேலை. மாதம் ஒருமுறை நாகலாபுரம் சுகாதார நிலையத்தின் முன்னறையில் இரண்டு மேசை போட்டு உட்காருவோம். மாத்திரை, மாத ஊசி, கொஞ்சம் பேச்சு. அதுதான் கேம்ப்.

அதை மூடச் சொல்லித்தான் நம் சங்கம் தீர்மானம் கொண்டுவந்தது. கிராமத்துக்கு மனநல வைத்தியத்தைக் கொண்டுபோகிற மருத்துவர்களின் சங்கம். வேடிக்கையாக இல்லையா? தனி அறை இல்லாத, முழுநேர மருத்துவர் இல்லாத இடங்களில் வைத்தியம் பார்ப்பது தரக்குறைவாம். நோயாளிகள் டவுன் ஆஸ்பத்திரிக்கு வரட்டுமாம். அரசாங்கம் நம் சங்கத்தின் கருத்தைத்தான் கேட்டிருந்தது. நாம் தரக்குறைவு என்று எழுதிக் கொடுத்தால் மறுமாதமே மருந்து நின்றுபோகும்.

தரம் என்று மேடையில் சொல்வது சுலபம். காதில் இல்லாத குரல் கேட்டு, கரிசல் காட்டுக்குள் கால்போன போக்கில் எப்போதும்வென்றான் ஊர் வரைக்கும் நடந்துபோன பொன்ராஜை, அந்த முன்னறை ஊசிதான் திரும்ப ஆடு மேய்க்க வைத்தது. அவனை பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, இன்னொரு பஸ்ஸில் ஏற்றி, டவுனில் வரிசையில் நிற்கவைக்க அவன் அம்மா மாரியம்மாளால் முடியுமா? இரண்டு மாதம் ஊசி தவறினால் அவன் மறுபடியும் நடக்கத் தொடங்குவான். இது தெரியாதவர்களா நம் ஆட்கள்? தெரியும். தெரிந்தும்தான் கைதட்டினார்கள்.

சங்கத்தின் வழக்கம் அது. யாரும் வாக்கு எண்ணுவதில்லை. தலைவர் தீர்மானத்தைப் படிப்பார், முன்வரிசை கைதட்டும், பின்னால் இருப்பவர்களும் சேர்ந்து தட்டுவார்கள், ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொள்வார்கள். அடுத்த தலைவர் யார் என்பது முந்தின நாள் விருந்திலேயே முடிவாகிவிடும். நோயாளி பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் இவர்கள். எதிர்த்துப் பேசுகிறவரை இவர்கள் திட்டவும் மாட்டார்கள், அடக்கவும் மாட்டார்கள். அக்கறையாக விசாரிப்பார்கள். உலகத்தில் வேறு எந்தச் சங்கத்தில் இப்படி நடக்கும்?

போன வருடம் அந்தத் தீர்மானம் முதல்முறை வந்தபோது, கீமோவில் முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நீ எழுந்து நின்றாய். "கை தூக்கச் சொல்லுங்க, எண்ணுங்க" என்றாய். "கோமதி, இந்த உடல்நிலையில் நீங்கள் உணர்ச்சிவசப்படக் கூடாது" என்று தலைவர் சொல்ல, உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். உன் மேல் இரக்கப்பட்டுத் தீர்மானத்தை ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். நான் இங்கே டூட்டியில் இருந்தேன். அன்று சாயங்காலம் போனில் நீ சிரித்ததுதான் இன்னும் காதில் இருக்கிறது. "ஏட்டி, எனக்குக் கோவமே வரக்கூடாது போல. வந்தா, கீமோனால வருதுன்னு சொல்லிட்டாவ. நல்லவேளை, பசிக்குன்னு சொல்லல. அதுக்கும் ஒரு மாத்திர எழுதிருப்பாவ."

ஒரு வருடம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். தீர்மானம் அப்படியே இருந்தது.

இந்த வருடம் பொதுக்குழு மதுரையில். பெரிய ஹோட்டல், குளிர்ந்த ஹால். முதலில் உனக்கு அஞ்சலி. எல்லோரும் எழுந்து நின்றார்கள், உன் படத்துக்கு மாலை போட்டார்கள். உட்கார்ந்ததும் அதே தலைவர் அந்தத் தீர்மானத்தைப் படித்தார், கைதட்டல் தொடங்கியது. படத்தில் மாலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது மைனி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எழுந்தேன்.

"கையை எண்ணணும் சார்."

தலைவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பிரச்சினையே. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உண்மையான பரிவோடு கேட்டார். "செல்வி, நீங்க சரியா தூங்குறீங்களா? கோமதி போனதுல இருந்து உங்களைப் பார்க்கவே கஷ்டமா இருக்கு."

நான் எதுவும் தயார் செய்துகொண்டு போகவில்லை. புறநோயாளிகளிடம் தினமும் கேட்கிற கேள்விகள் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. நானே பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

"நல்லா தூங்குதேன் சார். மூணு வேளையும் சாப்பிடுதேன். காதுல குரல் எதுவும் கேக்கல. யாரும் என்னைக் கொல்ல வாரதா நெனைக்கல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, இது மதுரை, இவிய நம்ம தலைவர். நூறுல இருந்து ஏழேழா கழிக்கச் சொன்னாலும் கழிக்கேன். அப்புறமாவது எண்ணுவோமா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது. தாங்கள் தினமும் கேட்கிற கேள்விகள் என்பதால் எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. தலைவருக்கும். அவர் முகம் சிவந்ததைப் பார்த்தேன்.

தென்காசி ஆறுமுகம் அண்ணாச்சி ஞாபகம் இருக்கிறதா? பொதுக்குழுவுக்கு வந்தால் சாப்பாட்டு நேரம் தவிர வாயே திறக்காதவர் என்று நீ கிண்டல் செய்வாயே. அவர் உட்கார்ந்தபடியே சொன்னார். "புள்ள எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிட்டு சார். நம்மதான் அவ கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்லல. எண்ணிருவோம்."

எண்ணினார்கள். மூடவேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது முன்வரிசையில் அங்கங்கே சில கைகள். அவ்வளவுதான். வேண்டாம் என்றபோது ஹால் முழுக்கக் கைகள். முன்பு தட்டிய அதே கைகள்தானே? ஏன் இத்தனை காலம்? கேட்கத் தோன்றியது. அன்றைக்குக் கேட்கவில்லை. பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் அழுதேன். துக்கம் இல்லை. தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

அடுத்த கேம்ப்புக்கு மாரியம்மாள் பொன்ராஜைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மழை பெய்திருந்தது, செருப்பில் கரிசல் மண் அப்பியிருந்தது.

"அந்தம்மா போனதும் கேம்ப்பையும் மூடப்போறாவன்னு சொன்னாவளே தாயி?"

"மூடல."

"அப்ப சரி. சட்டுனு ஊசியப் போடுங்க. ஆடு தனியா நிக்கி."

அவ்வளவுதான் அவளுக்கு. எங்கள் தீர்மானம், எங்கள் வீராப்பு எதுவும் அவளுக்கு வேண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

இன்னொரு சங்கதி. சங்கத்தில் என்னைத் துணைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். இந்தப் பக்கத்து கேம்ப்புகளுக்கு இப்போது நான்தான் நாள் குறிக்கிறேன். எல்லாவற்றையும் புதன்கிழமைக்கு மாற்றினேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் ஜெனிபர் போன வாரம் என் முன்னால் வந்து நின்றாள். "அக்கா, நீங்க செஞ்சது தப்பு. புதன்கிழமை தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவளுக்கு லீவு குடுக்க மாட்டாவ. பொம்பளையாளு ஒருத்திகூட வரமாட்டா."

எனக்குச் சுருக்கென்றது. நாக்கு நுனியில் என்ன வந்தது தெரியுமா? 'என்னம்மா, வேலை ரொம்ப அதிகமா இருக்கோ?'

தலைவரின் அதே அக்கறை. அப்படியே விழுங்கினேன். நர்சுகளையும் டாக்டர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கை தூக்கச் சொன்னேன். தோற்றுவிட்டேன் மைனி. புதன்கிழமைக்கு என் கை ஒன்றுதான். இனி கேம்ப் ஞாயிற்றுக்கிழமை. ஜெனிபர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். நன்றாகவே இருந்தது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த நாற்காலியில் இருக்கும்வரை எதிர்த்து நிற்கிறவளுக்கு நான் வைத்தியம் பார்க்க மாட்டேன். தோற்றால், தோற்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கேம்ப்புக்குக் கொடுத்துவிட்ட,
உன் மைனி
செல்வி