லேப்டாப்பின் அடியில் நீங்கள் வைத்த பொட்டு

இன்று காலை மாடல் நம்பர் பார்க்க லேப்டாப்பைக் கவிழ்த்தேன். நம்பருக்குப் பக்கத்தில், ஓரமாக, மிளகளவு காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். இந்த வீட்டில் இந்த வேலையை உங்களைத் தவிர யார் செய்வார்கள்? அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடமும் இதே கதைதான். பத்து மாதம் வடக்கே ரிக் வண்டியோடு போர்வெல் போட்டுவிட்டு, ஆயுத பூஜைக்குத் திருச்செங்கோடு வந்து சேருவீர்கள். சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் வண்டியோடு நிற்க மாட்டீர்கள். மிக்ஸி, தையல் மெஷின், மோட்டார் சுவிட்ச், கடைசியில் நான் ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கும் லேப்டாப். இரண்டு வருடத்துக்கு முன்பு கீபோர்டுக்கு மேலேயே அப்பிவிட்டீர்கள். அந்த வாரமே வைஃபை நொண்ட ஆரம்பித்தது. பிள்ளைகள் "மிஸ், கேக்கல மிஸ்" என்று கத்த, நான் உங்கள் மேல் பாய்ந்தேன்.

"போன்ல நல்லாத்தான ஓடுது? லேப்டாப்புக்குள்ளதான் என்னமோ கோளாறு சாமி" என்றீர்கள்.

"உள்ள இருக்கற கோளாறே உங்க சந்தனந்தானுங்க. என்ற பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க."

ரிக் சத்தத்தையும் மீறிக் கத்தி ஆட்களை வேலை வாங்குகிற மனிதர், என்னிடம் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள்? போன வருடம் கிண்ணத்தோடு வந்து, "இதுக்கு வெக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். நான் கையால் மூடிக்கொண்டேன். தலையை ஆட்டிவிட்டு மிக்ஸிப் பக்கம் நகர்ந்தீர்கள். அந்த முறை இரண்டே நாளில் மறுபடி வடக்கே கிளம்பிவிட்டீர்கள். மார்கழியில், ரிக் நின்ற காட்டிலேயே நெஞ்சுவலியில் உயிர் போய்விட்டது என்று போன் வந்தது.

இன்னொரு வகுப்பு பாதியில் அறுந்தால் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வோம் என்று நேற்று பிள்ளைகளின் வீட்டில் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் லேப்டாப் கம்பெனிக்குப் போன் செய்தேன். "நெட்வொர்க் டிரைவர்ங்கற சாப்ட்வேர் ரொம்பப் பழசா இருக்குமுங்க மேடம், அதை மாத்துனாப் போதும்" என்றாள் ஒரு பெண். மாடல் நம்பரைச் சொன்னேன். அதற்குரிய டிரைவரைப் போனில் இறக்கி, கேபிள் போட்டு ஏற்றி, லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டேன். பத்து நிமிடம். வைஃபை பறக்கிறது. உங்கள் சந்தனத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அடியில் இந்தப் பொட்டை எப்போது வைத்தீர்கள்? நான் குளிக்கப் போயிருந்தபோதா? காற்றுப் போகும் ஓட்டைகளை விட்டு எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் நான் சொன்னதை நம்பிவிட்டீர்கள். உங்களால்தான் என் பிழைப்பு கெட்டது என்று நம்பிக்கொண்டே போய்விட்டீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வருகிற ஆயுத பூஜைக்குக் கிண்ணத்தை நான் எடுப்பேன். லேப்டாப் மூடியின் நட்டநடுவில், பெரிதாக வைப்பேன். அடியில் இருப்பதைத் துடைக்கப்போவதில்லை. என்னோடு ஒரு நாளும் சண்டை போடாதவரே, இதற்காவது ஒரு தடவை வந்து சண்டை போடுங்கள்.