கல்யாணக் கார் எடுக்காத நாட்கள்

மே 17. இரவு 10.20
வானம்: இளஞ்சிவப்பு. முயற்சி 6. எடுத்தது 2.

வானொலி அறிவிப்பின்படி எழுதுகிறேன். கணினி இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவர்கள், அது எப்போது நிற்கிறது, அப்போது வானம் என்ன நிறம் என்று குறித்து வைக்க வேண்டுமாம். சூரியப் புயல் அடங்கிய பிறகு யாருக்காவது பயன்படும் என்றார்கள். இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம்.

பெயர் சேர்மக்கனி. பத்தாம் வகுப்பு. விளாத்திகுளத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். மார்ச்சில் வானம் சிவந்தது. புது வண்டிகள் எல்லாம் ஒரே இரவில் செத்தன. பிறகு ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் எரிந்தன. ஊரில் இப்போது நான்கு வீட்டில்தான் ஆள் இருக்கிறது. கோவில்பட்டி முகாமிலிருந்து மேற்கே மலைக்குப் போகும் கடைசி லாரி 24ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு. இங்கிருந்து முகாம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. நடக்க முடியாது. கார் எடுத்தால்தான் உண்டு.

கார் அப்பாவுடையது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவார். பெட்ரோல் ஏழு லிட்டர் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் சில சமயம் உடனே எடுக்கும். பல சமயம் 'டக்' என்று ஒரு சத்தம், லைட் மங்கும், அவ்வளவுதான். வானம் பேட்டரியைத் தின்றுவிட்டது என்று அப்பா வேறு பேட்டரி தேடி 14ஆம் தேதி கோவில்பட்டிக்கு நடந்தே போனார்.

அம்மா காரைத் தொடக் கூடாது என்றிருக்கிறாள். "இருக்க கொஞ்ச சார்ஜையும் நீ தீத்துராத. அவுக வந்து பாத்துக்கிடுவாக." கார் கொட்டகை தெருக்கோடியில் இருக்கிறது. அவளுக்குச் சத்தம் கேட்காது.

மே 19. இரவு 11.05
வானம்: தெளிவு. முயற்சி 5. எடுத்தது 0.

மூன்று நாள் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நேற்று வானம் ரத்தச் சிவப்பு, கம்பி வேலியில் பொறி பறந்தது. கார் முதல் திருப்பிலேயே எடுத்தது. இன்று வானத்தில் நட்சத்திரம் தெரிகிறது. ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா எட்டிப் பார்த்தாள். இரண்டு ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று லாரியில் ஏறாமல் இருப்பவள்.

"ஏட்டி, வானம் கெட்டதுக்கு வண்டிய நோண்டி என்ன செய்யப் போற?"

"வானம் இல்லன்னு தோணுதுக்கா."

"அப்ப வேற என்ன, செய்வினையா? தை மாசக் கல்யாணத்துலயே இது மக்கர் பண்ணுச்சே. மாப்பிள்ளையோட சேக்காளிமாரு தள்ளுனானுவளே. 'மாப்ள, காரே வரமாட்டேங்குது, பொண்ணு எப்படிடா வரும்'ன்னு ஒருத்தன் கத்துனான் பாரு."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். தை மாதம் வானம் நீலமாகத்தான் இருந்தது.

வானம் காரணமில்லை என்றால் பேட்டரியும் காரணமில்லாமல் இருக்கலாம். அப்பா போய் ஐந்து நாள் ஆகிறது. இதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது.

மே 20. இரவு 9.50
வானம்: பச்சைக் கோடுகள். முயற்சி 4. எடுத்தது 1.

நான்காவது தடவை சாவியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், எடுத்தது. பிறகு சோக் குமிழைத் தள்ளப் போனபோது விரலைச் சுட்டுவிட்டது. கொப்புளம். சோக் என்பது குமிழிலிருந்து இன்ஜினுக்குப் போகும் வெறும் இரும்புக் கயிறு. அதில் சூடு வர வேலையே இல்லை.

மின்சாரம் பேட்டரியிலிருந்து இன்ஜினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டாருக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒரு பின்னல் ஒயர் இருக்கிறது. எர்த் ஒயர். அதுதான் திரும்பும் வழி. அது அடைபட்டால் மின்சாரம் கிடைத்த வழியில் வரும். சோக் கயிறு வழியாக வந்திருக்கிறது.

ஆக, பேட்டரியில் உயிர் இருக்கிறது. நாளை வெளிச்சத்தில் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

மே 21. இரவு 11.40
வானம்: பார்க்கவில்லை. முயற்சி 11. எடுத்தது 11.

ஒரு தடித்த ஒயரைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜினில் வைத்தேன். உடனே எடுத்தது. எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினேன். பாடியில் அது உட்கார வேண்டிய இடத்தில் இரும்பே தெரியவில்லை. கறுப்புப் பெயிண்ட். வழவழவென்று இரண்டு கோட்.

நான் அடித்தது.

போன ஆயுத பூஜைக்கு. அப்பா பிரஷைக் கையில் கொடுத்து, "அடியெல்லாம் பளபளன்னு இருக்கணும் மக்கா" என்றார். மற்றவர்களாக இருந்தால் போல்ட்டுக்கு மேலேயே பூசிவிட்டுப் போயிருப்பார்கள். நான் கழற்றி, அடியில் துடைத்து, பூசி, காயவிட்டு, திரும்ப மாட்டினேன். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன்கூட இப்படி அடிக்கமாட்டான்" என்று பொட்டு வைத்தார். அந்த போல்ட் மேலேயே வைத்தார்.

பெயிண்ட் மின்சாரத்தை விடாது; போல்ட்டின் மரை இரும்பில் பட்டபோது மட்டும்தான் கார் எடுத்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து இரும்பு வெள்ளையாகும் வரை சுரண்டி மாட்டினேன். பத்துத் தடவை திருப்பினேன். பத்துத் தடவையும் எடுத்தது. அரை மணி நேர வேலை. பதினான்காம் தேதிக்கு முன்னால் எந்த நாளிலும் செய்திருக்கலாம்.

அப்பா வந்ததும் சொல்லிவிடுவேன். அடிக்கமாட்டார். சிரிப்பார்.

மே 22. இரவு 8.45

வானொலியில் தினமும் எட்டு மணிக்கு முகாமில் பட்டியல் வாசிக்கிறார்கள். முதலில் வந்து சேர்ந்தவர்கள். பிறகு வழியில் இறந்து கிடந்தவர்கள். கொட்டகையில் உட்கார்ந்து நானும் எஸ்தர் அக்காவும் கேட்டோம். அப்படியே எழுதுகிறேன்.

"பெயர் தெரியாதவர். ஆண். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். விளாத்திகுளம் சாலை, கிழக்கு நோக்கி நடந்தவர். வெயில். முதுகில் சாக்குக் கயிற்றால் கட்டிய கார் பேட்டரி. பதினெட்டாம் கல்லருகே இன்று அடக்கம் செய்யப்பட்டார். அடுத்து, பெயர் தெரியாதவர், பெண்..."

கிழக்கு நோக்கி. அப்படியானால் போய்ச் சேர்ந்துவிட்டார். வாங்கிவிட்டார். திரும்பிக்கொண்டிருந்தார்.

எஸ்தர் அக்கா வானொலியை அணைத்தாள்.

வீட்டுக்குப் போனதும் அம்மா வழக்கம்போல் கேட்டாள். "அப்பா பேரு வாசிச்சானா?"

இல்லை என்றேன். அது உண்மைதான்.

மே 23. இரவு 10.15
கார் எடுக்கிறது.

காலையில் காரை வாசலுக்குக் கொண்டுவந்தேன். காலி மைதானத்தில் அப்பா ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சைக்கிள் வேகம் வரும். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு, பிறகு உடனே பிடிவாதம்.

"அவுக வராம நான் ஏறமாட்டேன். பேட்டரியத் தூக்கிட்டு வந்து நிப்பாக, வீடு பூட்டிக் கெடந்தா மனசு என்ன பாடுபடும்?"

குடத்தில் தண்ணீர் நாளை மதியம் வரை வரும். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எட்டு மணிக்குக் கொட்டகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னேன். "அம்மா, அப்பா பேர வாசிச்சுட்டாங்க. வந்து சேந்தவங்க பட்டியல்ல."

நன்றாகத்தான் சொன்னேன்.

எஸ்தர் அக்கா வாசலில் நின்றாள். அம்மா அவளைப் பார்த்து, "நீயும் கேட்டியா?" என்றாள். அக்கா, "என் ஆடு ரெண்டும் பின்சீட்லதான் வரும், இப்பமே சொல்லிட்டேன்" என்றாள். வெளியே வந்து என் காதில் சொன்னாள்: "நான் பொய் சொல்லமாட்டேன் கனி. வாயத் திறக்கவும் மாட்டேன்."

அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டையைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். பத்து நாளாக ஒரே சட்டையில் இருப்பாராம்.

மே 24. காலை 7.30
முகாமுக்கு முன்னால். வண்டிகள் வரிசை. இன்ஜினை அணைக்கவில்லை.

வெளிச்சம் வருவதற்கு முன் கடந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆட்டைக் கட்டி ஏற்ற நேரமாகிவிட்டது. பதினெட்டாம் கல்லருகே நன்றாக விடிந்துவிட்டது.

"ஏட்டி, நிறுத்து நிறுத்து. நல்ல பேட்டரி ஒண்ணு கெடக்கு பாரு. எடுத்துப் போடு. அப்பாவுக்கு ஆகும்" என்றாள் அம்மா.

இறங்கினேன். மண்மேட்டின் தலைமாட்டில் பேட்டரியை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பெயர் எழுத வழியில்லாததால் அடையாளத்துக்கு வைத்திருக்கிறார்கள். அம்மா இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் சரிவில் மண் தெரியாது, பேட்டரி மட்டும்தான் தெரியும். தொட்டுப் பார்த்தேன். அதற்குள் வெயிலில் சூடேறியிருந்தது.

"செத்த பேட்டரிம்மா. ஒண்ணுக்கும் ஆகாது" என்றேன். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு அடையாளம் ஒன்றும் இல்லை.

"யாரு பாவம், இவ்வளவு தூரம் சுமந்தானோ" என்றாள் அம்மா. எஸ்தர் அக்கா ஆட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பட்டியல் எழுதுபவருக்கு.

இந்த நோட்டை உங்களிடம்தான் கொடுக்கிறேன். பதினெட்டாம் கல்லருகே நீங்கள் பெயர் தெரியாதவர் என்று எழுதியவர் பெயர் சுடலைமுத்து. வயது நாற்பத்தேழு. தயவுசெய்து திருத்தி எழுதுங்கள். ஆனால் மைக்கில் வாசிக்க வேண்டாம். லாரி மலை ஏறும் வரையாவது வேண்டாம்.

இப்போது உங்கள் மேசைக்கு முன்னால், இரண்டு பேர் தூக்கி வந்த நாற்காலியில், மடித்த வெள்ளைச் சட்டையோடு ஒருவர் வந்து, சுடலைமுத்து எங்கே இருக்கிறார் என்று கேட்பார். அது அம்மா. என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே சொல்லுங்கள்.