மடுத்தண்ணீர்

கெலவரப்பள்ளி, 10 பிப்ரவரி 1957

ஆராதனை முடிந்து வந்தேன். நாராயணம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். "டீச்சரம்மா, ஊத்துத் தண்ணி நாறுது. எங்க மாமியா காலத்துல இருந்து தோண்டுற எடம். அவ வாய்தான் நாறும், ஊத்து நாறினதில்ல."

சிரித்துவிட்டேன். பிறகு மோந்து பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

மணலில் வடிந்து வரும் தண்ணீரிலேயே அழுகல் வாடை என்றால், மேலே ஆற்று மடுவில் என்ன இருக்கும்? தெரியாதா எனக்கு? சூசையின் கற்றாழைதான்.

12 பிப்ரவரி

கயிற்று நாருக்காக ஆனைக்கற்றாழை மட்டைகளை மடுவில் ஊறப்போடுகிறார் சூசை. சதை அழுகினால் நார் தனியே வரும். ஆற்றங்கரையிலேயே கொட்டகை, ஆட்கள் குடியிருப்பதும், காலையில் ஒதுங்குவதும் அங்கேயேதான்.

சனிக்கிழமைதோறும் ஓசூருக்குப் போகிற வழியில் இங்கே வந்து காபி குடிக்கிறார்.

இருபது வருடத்துக்கு முன் என்னைப் பெண் கேட்டவர். நம் சபை வேறு, கத்தோலிக்கருக்குக் கொடுப்பதில்லை என்றார் அப்பா. சூசை வேறிடத்தில் கலியாணம் செய்துகொண்டார். மனைவியையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டார். நான் ரசாயனத்தில் பட்டம் வாங்கிவந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறேன்.

மறுபடி எதுவும் அவர் கேட்கவில்லை. கேட்கப்போகிறவர் போலத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் டம்ளரைக் கீழே வைக்கிறார்.

16 பிப்ரவரி

வந்தார். ஆற்றைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

17 பிப்ரவரி

மிஷன் மருந்தகத்தில் கொஞ்சம் மெத்திலின் நீலம் வாங்கினேன். கல்லூரியில் செய்த பரிசோதனை. சீசா நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டு நீலம் விட்டு, காற்றுப் புகாமல் மூடிவைக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் நீலம் நிற்கும். அழுகல் மிகுந்தால், அது தண்ணீரிலுள்ள காற்றையெல்லாம் தின்று தீர்க்கும், நீலம் வெளுத்துவிடும்.

மடுவுக்கு மேலே ஒரு சீசா, கீழே ஒரு சீசா. ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

19 பிப்ரவரி

மேல் சீசா நீலமாக இருக்கிறது. கீழ் சீசா வெளுத்துவிட்டது.

சரியாகக் கழுவியிருக்க மாட்டேன். இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

24 பிப்ரவரி

இன்னொரு முறையும் அதேதான். நேற்று அவர் வருவதற்கு முன் சீசாக்களை எடுத்து உள்ளே வைத்தேன் — எதற்கு?

4 மார்ச்

திம்மராயன் தன் ராகி வயலைப் பார்க்கக் கூப்பிட்டார். மடுவுக்குக் கீழே வாய்க்கால் பாய்கிற நிலம். "சூசையண்ணன் மடுத்தண்ணி பாஞ்சா, சர்க்காரு உரமூட்டை எதுக்கு டீச்சர்? கருகருன்னு எப்படி நிக்குது பாருங்க!"

அந்தக் கருமையெல்லாம் நைட்ரஜன். மட்டை அழுகியதும், மனிதர் கழித்ததும் பயிருக்கு விருந்துதான். ஊற்றில் குடிக்கிறவர்களுக்கு? ஒன்றாம் வகுப்பில் இன்று பாதிப் பேர் இல்லை. ராஜாத்தியின் அம்மா வந்து சொன்னாள், "வயித்தால போவுதுங்க, புள்ள கண்ணே திறக்கல."

குடத்துத் தண்ணீரை நான் காய்ச்சிக் குடிக்கிறேன். அவர்கள் வீட்டில் விறகுக்கு எங்கே போவார்கள்?

9 மார்ச்

சொல்லிவிட்டேன்.

சீசாக்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எப்போலேர்ந்து தெரியும்?"

"மூணு வாரமா."

"அப்போ நான் குடிச்ச காபியெல்லாம்?"

"அதே தண்ணிதான். காய்ச்சினது."

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ராஜாத்தியைப் பற்றிச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"மடு இல்லாட்டி எனக்கு இங்க வேலையில்ல. தருமபுரிப் பக்கம் ஒரு பழைய கல்குழி இருக்குது. மழைத்தண்ணி நிக்கும், ஆத்துல சேராது. அங்க போயிடணும்." என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் என்ன செய்தேன்? ஆமாம் என்று தலையாட்டினேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார்: "உங்கப்பா சபையைக் காட்டி அனுப்பினாரு. நீ சீசாவைக் காட்டி அனுப்புற."

கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம்.

கரையிலேயே ஒரு தொட்டி கட்டிக்கொள்ளுங்கள் என்று ஏன் சொல்லவில்லை? தொட்டித் தண்ணீரையும் கடைசியில் ஆற்றில்தான் திறப்பார்கள். அது தெரிந்த வாய் எப்படிச் சொல்லும்? பாவி, எதற்குத்தான் படித்தேனோ.

23 மார்ச்

கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். கறுத்த தண்ணீர் மட்டும் கிடக்கிறது. ராஜாத்தி பள்ளிக்கூடம் வந்தாள். கை குச்சியாகிவிட்டது, ஆனால் சிலேட்டுக்குச் சண்டை போட்டாள்.

வழியில் பார்த்தும் திம்மராயன் பேசாமல் போனார்.

இன்று சனிக்கிழமை.

2 ஜூன்

மேற்கே மழை. ராத்திரி ஆறு செம்மண்ணாக வந்து மடுவை வழித்துக்கொண்டு போயிருக்கிறது.

13 ஜூலை

போன ஞாயிற்றுக்கிழமை மடுவுக்குக் கீழே பிடித்த சீசா ஜன்னலில் இருக்கிறது. இன்னும் வெளுக்கவில்லை. நாராயணம்மா அதைப் பார்த்து, "இந்த நெறத்துல எனக்கொரு சீலை வேணும்" என்றாள்.

சாயங்காலம் காபிக்கு ஊற்றுத் தண்ணீரைத்தான் வைத்தேன். வடிகட்டி ஊற்றும்போதுதான் கவனித்தேன், டம்ளர் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

இரண்டிலும் ஊற்றினேன்.